கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தில் முப்பத்தெட்டுக் கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. தெருவிலும் சபையிலும் "லிஃப்ட்காரர்" என்று சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் நாற்காலி போடுவது, மைக் கட்டுவது, ஒலிபெருக்கி இரைந்தால் ஓடிப் போய்த் திருகுவது எல்லாம் அவர்தான். ஆராதனை முழுக்க ஒரு கண் ஒயர் மேலேயே இருக்கும். கண்ணை மூடி ஜெபித்து எத்தனை நாளாயிற்று என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி குத்துவதே தெரியாது என்று பெயரெடுத்த கை. தினமும் காலை ஐந்தரைக்கு இருவரும் சமையலறையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். முந்தின நாள் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றது, உள்ளே மாட்டிக்கொண்டவர் எப்படி அலறினார் என்றெல்லாம் அவர் சொல்வார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். ஒரே மகள் ஏழு மணிக்குத்தான் எழுவாள். ஆறு மணி வரை அந்த அரை மணி நேரம் அவர்களுடையது.

ஒரு திங்கட்கிழமை அவள் டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனாள். பழைய பெட்டிகளும் இஸ்திரி மேசையும் கிடக்கிற, ஜன்னல் இல்லாத அறை.

"என்ன, புதுசா ஆபீஸ் திறந்துட்டியா?"

"ஜெபம் பண்ணப் போறேங்க. நாள் பூரா ஓடுறேன். ஆண்டவர் கூட உக்காந்து ஒரு வார்த்தை பேச நேரமில்ல. இத விட்டா வேற நேரமும் கிடையாது."

"நல்லதுதான், போ" என்றார். எண்ணி ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தார்.

இரண்டு மாதம் ஆயிற்று. அவர் தனியாக டீ குடித்தார். சுவரைப் பார்த்து லிஃப்ட் கதை சொல்ல முடியுமா? ஆறு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு அவள் வரும்போது முகம் கழுவி விட்டது போலத் தெளிந்திருக்கும். அந்த முகத்தைத் தாம் ஒருநாளும் வரவழைத்ததில்லை என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

பிறகு ஒருநாள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவர் கேட்டது. எத்தனையோ வருஷமாகக் காதில் விழாதது. அடுத்த தெருக்காரன் என்றால் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். ஆண்டவரிடம் போய் என்னவென்று கேட்பது? வெளியில் சொன்னால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். வயிறு மட்டும் எரிந்தது.

மறுநாளிலிருந்து அவர் கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

"என் நீலச் சட்டை எங்க?"

அவள் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். அடுத்த நாள் சாக்ஸ். அதற்கடுத்த நாள் கேஸ் வாசனை வருகிறது என்றார், வரவில்லை. சபைக்கு நாற்காலி போதவில்லை என்று அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கதவருகே பாத்திரத்தை உருட்டிப் பார்த்தார், ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார்.

சத்தத்தில் தூக்கம் கெட்டு எழுந்துவந்த மகளுக்கே பொறுக்கவில்லை. "அப்பா, சின்னப் பிள்ளை மாதிரி பண்றீங்க. நீங்க கூடத்தான் டிவில மேட்ச் பாக்குறீங்க, அம்மா வந்து மறைச்சுக்கிட்டா நிக்கிறாங்க?"

"நீ போய்ப் படிக்கிற வேலையப் பாரு."

ஒரு வெள்ளிக்கிழமை ஒரே அரை மணி நேரத்தில் ஐந்து தடவை தட்டினார். ஐந்தாம் தடவை அவள் வேதப் புத்தகத்தையும் நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சரிங்க. இனிமே உள்ள போகல."

அவர் ஜெயித்துவிட்டார். சனிக்கிழமை காலை அவள் எதிரே உட்கார்ந்து டீ குடித்தாள். அவர் உற்சாகமாக, பதினொன்றாம் மாடியில் நின்றுபோன லிஃப்டின் கதையை ஆரம்பித்தார். அவள் "ம்" கொட்டினாள். திங்கட்கிழமையும் "ம்". கதவைத் தட்டியதைச் சொல்லிக் காட்டவில்லை, வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். மகளிடம் சீப்புக்காகச் சண்டை, அவரிடம் ஈரத் துண்டுக்காகச் சண்டை. வேலை செய்யும் இடத்தில் ஒரு பெரியவருக்கு மூன்று தடவை ஊசி குத்தியும் நரம்பு கிடைக்காமல் அழுதுவிட்டு வந்தாள்.

மூன்றாவது வாரம் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அவர்கிட்ட மட்டும் சிரிப்பு வருது. என்னைப் பாத்தா மூஞ்சி இப்படியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் சிரிச்சது கேட்டுச்சா?"

"கேட்டுச்சே! அப்படி என்னதான் பேசுவ அங்க?"

"முதல் பத்து நிமிஷம் உங்களத் திட்டுவேன்."

"என்னையா?"

"வேற யார? ஈரத் துண்ட கட்டில்ல போடுறது, எங்க அண்ணன் வந்தா பேசாம இருக்கிறது, எனக்கு உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு தடவ கூடக் கேக்காதது. ஒண்ணு விடாம அவர்கிட்ட கொட்டிருவேன். கொட்டி முடிச்சதும் நான் பேசினது எனக்கே சிரிப்பா வரும். அப்புறம்தான் ஜெபமே ஆரம்பிக்கும். உங்களுக்காகத்தான் ரொம்ப நேரம். இப்ப கொட்ட இடமில்ல, அதான் வீடு பூரா சிந்துது."

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் பொறாமை இன்னும் கூடியிருந்தது. பத்தொன்பது வருஷமாகத் தம்மிடம் சொல்லாததையெல்லாம் அவள் வேறொருவரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லவும் இடமிருந்திருக்கிறது அவளுக்கு. தமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அன்று மாலை சபையிலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் போட்டார். "நாளைக்கு நீ உள்ள போ. நான் தட்டல" என்றார். அதற்குமேல் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அந்த வாரம் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில் பிரேக்கைச் சரிசெய்து முடித்த பிறகும் அவர் கீழே இறங்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தபடியே வைத்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினார். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" வரைக்கும் வந்தது. அதன்பின் பிரேக், கிரீஸ், அடுத்த கட்டடம்தான் வந்தது. மறுநாள் வேறொரு கட்டடத்திலும் அதே கதை. மூன்றாம் நாள் எரிச்சலோடு வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"ஆண்டவரே, உங்க மேல எனக்குப் பொறாமையா இருக்கு. அவ உங்ககிட்ட சொல்றா, என்கிட்ட சொல்லல. அவ மேலயும் பொறாமையா இருக்கு. அவளுக்கு நீங்க இருக்கீங்க. எனக்கு உங்ககிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல."

சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை. கீழேயிருந்து காவலாளி போன் செய்தார்.

"சார், லிஃப்ட் எப்ப ஓடும்? எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"ரெண்டே நிமிஷம்" என்றார். உண்மையில் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் "உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முழங்கால் வலியைப் பற்றி இருபது நிமிஷம் சொன்னாள். பிறகுதான் மோட்டார் அறையில் நடந்ததை அவர் சொன்னார்.

"ஆண்டவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லல."

"எனக்கும் முதல் ரெண்டு மாசம் அப்படித்தான். சும்மா உக்காந்து எந்திரிச்சு வருவேன்."

"அப்புறம்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அதே சிரிப்பைச் சிரித்தாள். அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே மறுநாள் மோட்டார் அறையில் பத்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்தார்.