வேட்டி கட்டிய பேய்

அந்த வெள்ளிக்கிழமை காலை இராசமலர் ஈரத்துணிகளை வரவேற்பறைக் கதிரைகளின் முதுகில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்வளவில் துணி காயப்போடுகிற, சுற்றும் கொடிக்கம்பம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு கிழமையாக அதில் மூன்று பேய்கள் தொங்கின. கம்பத்தின் அடியில் பொருத்திய மோட்டரைப் போட்டால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும். மூன்றுமே அவளுடைய படுக்கை விரிப்புகள். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் கிழமைக்கு ஐந்து நாள் ஊராரின் விரிப்புகளைத் தோய்த்து மடிப்பவளுக்கு, வீட்டில் தன்னுடைய விரிப்புகளில் கண்ணுக்கு ஓட்டை வெட்டப்பட்டிருப்பதைக் கண்டபோது கத்தக்கூட வரவில்லை.

மகள் பிரணவி சிறுபிள்ளையாக இருந்த காலத்தில், வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஒரு மட்டைப் பெட்டியில் வாய் திறந்து மூடும் வௌவால் செய்ததுதான் கணவர் நவரத்தினத்தின் முதல் வேலை. பிரணவி படித்து முடித்து வெலிங்டனில் வேலைக்கும் போய்விட்டாள். நவரத்தினத்தை, பிள்ளைகள் பேய் வேடத்தில் வீடு வீடாக வரும் ஹலோவீன் விடவில்லை. நியூ லின்னில் ஒரு கராஜில் வாகனங்களின் மின்வேலை பார்த்தவர் அவர். குப்பைக்குப் போகிற கார்களிலிருந்து கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். கார் செத்தாலும் வைப்பர் மோட்டர் சாகாது என்பார். மாசி என்ற அந்தப் புறநகரில் அவர்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருவதற்கு அந்த மோட்டர்கள்தான் காரணம்.

குளிர்காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயக் குழாய்களில் மூன்று அடைபட்டிருக்கின்றன, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். வேலைக்குப் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. வீட்டில் இருந்த மனிதருக்கு நாள் முழுக்கப் பேய் செய்ய நேரம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் முதல் தடவை நாள் கொடுத்தபோது தடிமன், மூக்கடைப்பு என்று தட்டிக்கழித்தார். இரண்டாம் தடவை நவராத்திரி விரதம் என்றார். விரதம் பிடித்தது இராசமலர். அவர் அந்த நாள்களில் கோழிக்கறி வேண்டும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தவர்.

கடைசிச் சட்டையை விரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரித் தாதி. யாரோ ஒருவர் வர முடியாமல்போய் செவ்வாய்க்கிழமை ஒப்பரேசனுக்கு இடமொன்று கிடைத்திருக்கிறது. இன்று நாலு மணிக்குள் நவரத்தினமே தொலைபேசியில் எடுத்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம், பிறகு கிறிஸ்மஸ் கழிந்துதான் என்றாள்.

இராசமலர் தொலைபேசியோடு முன்வளவுக்குப் போனாள். மழை வந்தால் மோட்டர் நனையும் என்று பெரிய கூடாரம் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. இந்த ஊரில் ஹலோவீன் வசந்த காலத்தில் வருவது நவரத்தினத்தின் தீராத மனக்குறை. பிள்ளைகள் வந்துபோகும்வரை வெயில் எறிக்கும், பேய் எங்கே எடுபடும்? அதனால் இருட்டுக்காகக் கூடாரத்தின் மூன்று பக்கமும் கறுப்புத் துணி. துணி காற்றில் பறக்காமல் இருக்க, கோயிலில் இரவல் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் சுற்றிவர. நடுவில், பழைய வேலிப் பலகையில் அடித்த சவப்பெட்டி. அவர் அதன் தலைமாட்டில் குனிந்திருந்தார்.

“இஞ்சேருங்கோ, ஆஸ்பத்திரியில இருந்து எடுத்தவை. செவ்வாய்க்கிழமை இடம் இருக்காம். நாலு மணிக்குள்ள நீங்களே எடுத்துச் சொல்லோணுமாம்.”

“அந்த ஸ்பானரை ஒருக்கா எடு மலர்.”

“காது கேக்குதே உங்களுக்கு?”

“கேக்குது, கேக்குது. செவ்வாய்க்கிழமை ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமே?”

“ஓ, நல்ல நாள் பாத்துத்தானே எங்கட கலியாணம் வைச்சவை. அதில நான் என்னத்தைக் கண்டனான்?”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் கிடந்த உருவத்தைச் சரிசெய்தார். பிளாஸ்டிக் குழாயில் எலும்பு, ரெஜிபோம் நுரைக்கட்டியில் தலை. வாசலில் போட்டிருக்கும் கால்மிதியை மிதித்தால் அடியில் உள்ள சுவிட்ச் அமுங்கி, மோட்டர் இழுத்து, பிணம் எழும்பி உட்காரும். ஏற்பாடு அப்படி. அப்போதுதான் இராசமலர் அதன் உடுப்பைப் பார்த்தாள். அவருடைய பட்டுக்கரை வேட்டி. வெள்ளைச் சட்டை. மூக்கில் அவருடைய பழைய கண்ணாடி.

“உதென்னப்பா? உங்கட வேட்டியையோ கட்டி விட்டிருக்கிறியள்?”

“வெள்ளையள் எண்டால் கோட்டுச் சூட்டு போட்டுக் கிடத்துவினம். என்னட்டை எங்க கோட்டு?”

“கழட்டுங்கோ. பாக்கவே விசராக் கிடக்கு.”

“சும்மா இரு. நுளம்பு வலை கட்டின மாதிரி ஒரு வெள்ளைத் துணியும் மேல போட்டால் நல்லா இருக்கும். உன்ர சீலை ஏதும் கிடக்கே?”

இராசமலர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். தலையில் கையை வைத்தாள். ஒரு மனிதனை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்த முடியாது. கெஞ்சியாயிற்று, பேசியாயிற்று, பிரணவியைக் கொண்டு பேசவைத்தும் ஆயிற்று. அவர் கறுப்புத் துணிக்குப் பின்னால் போய் வயரோடு மினக்கெட்டார். தெருவில் ஒரு கார் மெதுவாகி, நின்று, பிறகு போனது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மத்தியானம் அவளுடைய தொலைபேசியில் சுந்தரத்தின் அழைப்புகள் வரிசையாக விழுந்தன. சுந்தரம் கோயில் காரியங்களை ஓடியாடிச் செய்கிறவர், கல்யாணமானாலும் செத்தவீடானாலும் முன்னுக்கு நிற்பவர். கதிரைகளைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்து அவள் எடுக்கவில்லை. இரவல் வாங்கிய மனிதர் பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்குக் கிட்டத்தான் முன்வளவில் அந்த அலறல் கேட்டது.

இராசமலர் ஓடிவந்து பார்த்தபோது, கூடார வாசலில் வெள்ளைச் சேலையோடு, கோயிலில் பழக்கமான பத்மாவதி அக்கா நெஞ்சில் கைவைத்தபடி நின்றாள். காலடியில் கால்மிதி. அதற்குப் பக்கத்துப் புல்லில் தேங்காய்ச் சம்பல் கொட்டுண்டு கிடந்தது. எதிரே பெட்டிக்குள் வேட்டி கட்டிய பேய் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடி சரிந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இடியப்பச் சட்டியும் கையுமாகச் சுந்தரம்.

கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு நவரத்தினம் தலையை நீட்டினார். முகமெல்லாம் மலர்ச்சி.

“வேலை செய்யுது என்ன?”

பத்மாவதி அக்கா இரண்டாம் முறையும் அலறினாள்.

அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. சுந்தரம் காரில் போகும்போது பார்த்திருக்கிறார். வாசலில் கூடாரம், கோயில் கதிரை, பெட்டிக்குள் வேட்டி சட்டையோடு நவரத்தினம், பக்கத்தில் தலையில் கைவைத்தபடி மனைவி. வேறென்ன நினைப்பார்? இடைஞ்சல் கொடுக்கக்கூடாது என்று இறங்காமல் போய்விட்டார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று பத்மாவதியைக் கொண்டு இடியப்பம் அவிக்கவைத்ததும் அவர்தான்.

“எடுத்தனான், எடுத்தனான், நீங்கள் ஃபோன் எடுக்கேல்லை. அழுதுகொண்டு இருக்கிறியள் எண்டு நினைச்சன்,” என்றார் சுந்தரம்.

பத்மாவதிக்குப் பயம் தெளிந்து கோபம் வந்தது. “உமக்கு வெக்கமில்லையே நவம்? நான் வழி நெடுக அழுதுகொண்டெல்லோ வந்தனான்! கேட்டவுடன நெஞ்சு பக்கெண்டது. அப்பவே சொன்னன், ஒப்பரேசனுக்குப் போகாமல் போக்குக் காட்டிப் போக்குக் காட்டி இந்த மனுசன் போய்ச் சேந்திட்டுதே எண்டு.”

“ஆர் அப்பிடிச் சொன்னது?” நவரத்தினம் கேட்டார்.

“எல்லாரும்தான். ஆருக்கு ஃபோன் பண்ணினாலும் முதல் சொல் அதுதான். ஒருதரும் ‘ஐயோ எப்பிடி நடந்தது’ எண்டு கேக்கேல்லை.”

நவரத்தினம் பேயின் சரிந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டார். பேய் இன்னும் நிமிர்ந்தே இருந்தது. திரும்பப் படுக்கவைக்கிற பகுதி இன்னும் சரிவரவில்லை.

சுந்தரம் சட்டியை ஒரு கதிரையில் வைத்துவிட்டுத் தன் தொலைபேசியைத் தடவினார். “இனி எல்லாருக்கும் இல்லை எண்டு சொல்லோணும். தேவாரம் பாட ஆள் சொல்லியாச்சு. எரிக்கிற இடத்தில வேற ஒரு நாளும் இல்லையெண்டு நிண்டவங்கள், கெஞ்சி மண்டாடி செவ்வாய்க்கிழமை காலமை பிடிச்சு வைச்சனான்.”

“செவ்வாய்க்கிழமையோ?”

“ஓம். ஏன், அண்டைக்கு உமக்கு வேற அலுவல் கிடக்கோ?” சுந்தரம் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, கேட்டது என்னவென்று விளங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இராசமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பு இருக்கவில்லை. அவள் குனிந்து புல்லிலிருந்து சம்பலை அள்ளத் தொடங்கினாள்.

அவர்கள் போனதும் நவரத்தினம் பேயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கராஜுக்குள் போனார். இராசமலர் இடியப்பச் சட்டியோடு பின்னால் போனாள். பாரம் தூக்காதேங்கோ என்று சொல்ல வந்து, பேய்க்குப் பாரமே இல்லை என்பது நினைவுக்கு வந்து, சொல்லவில்லை.

அவர் பேயை வேலை மேசையில் கிடத்தினார். கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்தார். பிறகு வேட்டியை அவிழ்த்து, கரை கரையோடு சேரும்படி மடித்தார். மடிப்பு சரிவரவில்லை. திரும்பவும் விரித்து மடித்தார்.

“அந்தப் பழைய கம்பளியைக் கட்டிவிடுவம் இதுக்கு,” என்றார். “பிள்ளையளுக்கு என்ன தெரியப்போகுது.”

இராசமலர் தன் தொலைபேசியை எடுத்தாள். ஆஸ்பத்திரி எண்ணைத் திரையில் கொண்டுவந்து, மேசையில் ஸ்குருக்களுக்கும் வயர்த் துண்டுகளுக்கும் நடுவில் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். நாலாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அவர் தொலைபேசியைப் பார்த்தார். அதைத் தொடாமல் வேட்டியை இன்னொரு தரம் நீவிவிட்டார்.

“மலர்.”

அவள் சட்டியை எடுத்தாள். இவ்வளவு இடியப்பத்தை யார் தின்று முடிப்பது என்பது வேறு பிரச்சினை. பாதியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும்.

“செவ்வாய்க்கிழமை நீ வேலைக்கு லீவு போடுவியோ?”

எத்தனை மாதமாக அவள் கேட்டவற்றுக்கு அவர் ஸ்பானரும் ஆணியும் கேட்டிருக்கிறார். “போடுறன். நாலாகப்போகுது,” என்றாள் அவள். சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மறு கையால் கதவைத் தள்ளித் திறந்து, வீட்டுக்குள் போனாள்.