ஆறுதலா வரச்சொல்லுங்கோ

தொண்ணூற்று நான்காம் ஆண்டில் ஒட்டுசுட்டானில் தொலைபேசி என்று ஒன்று இருந்ததென்றால், அது ஆண்டியப்பன் அண்ணையின் வலது காதுதான்.

அவர் ஓட்டியது மயில்வாகனம் முதலாளியின் பழைய பயணிகள் வான். காலையில் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வழியாகக் கிளிநொச்சி, பின்னேரம் திரும்பி ஊர். அரசின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துபோல் ஆகிவிட்ட காலம். வான் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெயில் அது கிளம்பாது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை இயந்திரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால்தான் உயிர் வரும். வேகம் குறைத்து நிறுத்தினால் இருமி இருமி அடங்கிவிடும். திரும்பவும் பெற்றோல்.

ஆகவே முதலாளியிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது.

"ஆக்கள் ஏற இறங்க நிப்பாட்டு. முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிப்பாட்டு. கதை கேக்கிறதுக்கு நிப்பாட்டினியோ, திறப்பை வேறை ஆளிட்டைக் குடுத்திடுவன்."

அந்தத் திறப்பு, வான் சாவி, ஆண்டியப்பனுக்குச் சும்மா கிடைத்ததல்ல. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். வன்னியில் காடு வெட்டி, பிறர் வயலில் வரம்பு கட்டி, கடைசியாகத்தான் ஸ்ரேரிங்கைத் தொட்டார். அவருடைய மனைவி மீனம்மா இரவில் அந்தத் திறப்பைச் சாமிப் படத்துக்குக் கீழேதான் வைப்பாள்.

ஆனால் சனத்துக்கு ஒரு சேதியை, ஒரு கதையைச் சொல்லி அனுப்ப வேறு வழியில்லை. வான் வரும் சத்தம் கேட்டதும் ஓடி வந்து றோட்டின் நடுவில் நிற்பார்கள். ஆண்டியப்பன் கியரைக் குறைத்து, தலையையும் தோளையும் வெளியே நீட்டுவார். அவர்கள் கூடவே ஓடி, காதுக்குள் கத்துவார்கள். "மாமிட்டை விதைநெல் கேட்டதெண்டு சொல்லுங்கோ!" "சின்னவளுக்குப் பல்லு முளைச்சிட்டுது!" வான் நிற்காது. உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒரு வித்தைபோல. "ஆண்டி அண்ணைக்குக் கண் ஒருபக்கம், காது ஒருபக்கம் ஓடும்" என்று மெச்சுவார்கள். தினமும் அதில் போய்வந்த நானும் மெச்சியிருக்கிறேன்.

அன்று நேசமலர் ஓடி வந்தாள். அவளுடைய தகப்பன் ஒரு கிழமையாகக் காய்ச்சலில் கிடந்தார். தமக்கை கமலாசனி கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி விற்பவள். ஆண்டியப்பன் வழக்கம்போல வலப்பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்தார். அந்த நேரம் இடப்பக்க ஒழுங்கையிலிருந்து விறகுக் கட்டு ஏற்றிய சைக்கிளோடு செல்வராசா றோட்டில் ஏறினான்.

நாங்கள் கத்தினோம். ஆண்டியப்பன் ஸ்ரேரிங்கை ஒடித்தார். விறகு வானின் பக்கத்தைக் கீறிக்கொண்டு போக, சைக்கிளும் செல்வராசாவும் வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அவன் எழுந்து நின்று, சேற்றுக் கையை ஆட்டித் திட்டினான். இயந்திரம் இருமத் தொடங்கியிருந்தது. ஆண்டியப்பன் நிறுத்தாமல் போனார். மாங்குளம் வரும்வரை அவர் தலையை வெளியே நீட்டவேயில்லை.

இப்போது நான் இருக்கும் நாட்டில், ஒரு கையால் காரைத் திருப்பிக்கொண்டு மறுகையில் கைத்தொலைபேசியைப் பிடித்திருப்பவர்களைக் காணும்போது எனக்கு அந்த விறகு கீறிய சத்தம்தான் கேட்கும்.

பயத்தில் நேசமலர் சொன்னதில் பாதி அவரைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது இவ்வளவுதான்: "ஐயாவுக்கு… ஆறுதலா… வரச்சொல்லுங்கோ." ஆறுதலாக என்றால் இந்தப் பக்கத்தில் மெதுவாக, அவசரமில்லாமல். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பதறிய மனத்தில் பிறந்த இடத்துச் சொல்தான் முந்திக்கொண்டு வந்தது. அவர் பிறந்த தோட்டத்தில் ஆறுதல் என்பது செத்த வீட்டில் சொல்வது.

கிளிநொச்சிச் சந்தையில் கமலாசனியின் முன்னால் போய்க் குந்தினார்.

"தங்கச்சி, மனச விட்டுறாதீங்க. ஐயா விசயமா சொல்லி விட்டாங்க. ஆறுதலுக்கு ஆள் வேணுமாம்."

கமலாசனி கத்தரிக்காய்க் குவியலின்மேல் விழுந்தாள். பின்னேரம் வான் திரும்பியபோது உள்ளே ஒரே ஒப்பாரி. வழியில் யாரும் கதை சொல்லக் கிட்ட வரவில்லை.

நேசமலர் வீட்டு முற்றத்தில் தகப்பன், அந்த ஐயா, கதிரையில் சாய்ந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆர் செத்தது?" என்றார்.

கமலாசனி தலைவிரி கோலமாக ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். நேசமலர் ஆண்டியப்பனிடம் திரும்பினாள்.

"அண்ணை, காய்ச்சல் விட்டிட்டுது, அவசரமில்லை, ஆறுதலா வரச்சொல்லுங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

"அப்ப எனக்கு ஆறுதல் சொல்ல வந்தனியளோ?" என்றார் ஐயா. "கஞ்சியிலை உப்பில்லை. அதுக்குச் சொல்லுங்கோ."

முற்றம் சிரித்தது. ஆண்டியப்பனும் சிரித்தார். அப்போது வேலியோரம் முழங்காலில் துணி சுற்றியபடி நின்ற செல்வராசா சொன்னான்: "சிரியுங்கோ. இண்டைக்குச் செத்த வீடு என்ரை வீட்டிலையெல்லோ நடந்திருக்கும்."

ஆண்டியப்பன் அவனிடம் போய் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு வானில் ஏறிப் போனார்.

மறுநாள் மயில்வாகனம் முதலாளி முன் சீற்றில் வந்து ஏறினார். செத்த வீட்டுக் கதையும் வானில் விழுந்த கீறலும் அவருக்கு எட்டியிருந்தன. ஊரெல்லை தாண்டவில்லை, ஞானேஸ்வரி ரீச்சர் றோட்டில் கை காட்டினார். ஆண்டியப்பன் ஓரம் கட்டி, பிறேக்கை அழுத்தினார். வான் நின்றது. இருமியது. அடங்கியது.

"என்னடா செய்யிறாய்?"

ஆண்டியப்பன் திறப்பைக் கழற்றி முதலாளி பக்கம் நீட்டினார்.

"ஓட்டுனா ஓட்டத்தான் முடியுது மொதலாளி. கேட்டா கேக்கத்தான் முடியுது. ரெண்டும் எனக்கு வரல்ல. வர்றவன் இருந்தா அவன்கிட்டக் குடுத்துடுங்க."

முதலாளி திறப்பை வாங்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ரீச்சர் நிலைமையைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னார். ஆண்டியப்பன் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஒரு சொல் பிழைத்தது, ரீச்சர் திருத்தினார். பிறகு அவர் குடையை வேலியில் கொழுவிவிட்டு வானின் பின்பக்கம் போனார்.

"ரீச்சர், என்ன செய்யிறியள்?" என்று கத்தினார் முதலாளி.

"கதை என்ரை. நான்தானே தள்ளவேணும்!"

ரீச்சர் தள்ள நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எல்லோரும் இறங்கினோம். ஆண்டியப்பன் நீட்டிய கையை இழுத்து, திறப்பைப் போட்டார். நாங்கள் தள்ளிய தள்ளில், சூடாயிருந்த இயந்திரம் ஒரு சொட்டுப் பெற்றோலும் கேட்காமல் உறுமியது. "தள்ளச் சொன்னால் சனம் ஏறாது" என்று முதலாளி இத்தனை நாள் நினைத்திருந்தார். கிளிநொச்சியில் இறங்கும்போதும் அவர் திறப்பைக் கேட்கவில்லை.

அதன்பின் வழக்கமாகிவிட்டது: கதை சொல்கிறவர் தள்ளவேண்டும். பல்லு முளைத்த கதைகள் குறைந்தன.

அடுத்த கிழமை மயில்வாகனமே றோட்டில் நின்று கை காட்டினார். கிளிநொச்சியில் நெல் என்ன விலை என்று கேட்டுவர வேண்டுமாம். ஆண்டியப்பன் ஓரம் கட்டி நிறுத்தினார். இயந்திரம் இருமி அடங்கியது. முதலாளி ஒருதரம் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னுக்குப் போனார்.