சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்

திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மலைச்சாமியின் கைபேசி எண்ணை வைத்திருப்பவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அதை மலைச்சாமி என்ற பெயரில் வைத்திருக்கவில்லை. ஐஸ் பெட்டி, ஃப்ரீசர் பாக்ஸ், பெட்டிக்காரர் என்று ஆளுக்கொரு பெயர். சொந்தத் தங்கையின் போனிலாவது 'அண்ணன்' என்று இருக்கும் என அவர் நம்பியிருந்தார். ஒருநாள் அவள் வீட்டில் போனை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாள். இவர் ரிங் கொடுத்தார். சோபா இடுக்கில் கிடந்த போன் 'அண்ணன் ஐஸ் பாக்ஸ்' என்று மின்னியது. அவளுக்கு வேறு அண்ணன் கிடையாது.

வெளியூரில் இருக்கும் சொந்தம் வந்து சேரும்வரை இறந்தவரை வைத்திருக்கும் குளிர்பெட்டியை வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். வயது ஐம்பத்து மூன்று. ஒரு பெட்டி, அதை ஏற்றிப் போக ஒரு குட்டியானை வண்டி, நாகல் நகரில் ஒரு மாடி அறை, இவ்வளவுதான் அவர். மனைவி கோபித்துக்கொண்டு போனது பெட்டி வாங்குவதற்கு நாலு வருஷம் முன்பே. அந்தப் பழியைப் பெட்டியின் மேல் போட வழியில்லை.

மற்ற பழியெல்லாம் தாராளமாகப் போடலாம். இழவு வீட்டுக்கு வருகிறவரை யாரும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. கிளம்புகிறவரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்வதில்லை. நமக்கெல்லாம் அது வருஷத்தில் நாலைந்து நாள் வாயைக் கட்டும் விஷயம். மலைச்சாமிக்கோ பதினோரு வருஷமாகப் போகிற வீடெல்லாம் அந்த வீடுதான். கேட்டுக்குள் நுழைவார், நாலு பேர் தலையை ஆட்டி இடம் காட்டுவார்கள். பெட்டியை வைப்பார், பிளக்கைச் சொருகுவார், கண்ணாடியைத் துடைப்பார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடப்பார். தங்கை மகள் சௌந்தர்யாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்லாமல் முடியாது என்பதால் அழைத்தார்கள். வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டு, "ஒனக்கு எங்கனயாச்சும் போன் வந்திருமேண்ணே" என்று தங்கையே வழியனுப்பியும் வைத்தாள். அன்றைக்குப் பார்த்து ஊரில் ஒருத்தரும் சாகவில்லை.

ஆகவே அவருக்குத் துணை அந்தப் போன்தான். பேட்டரி நைந்துபோன பழைய போன். சார்ஜரைக் கழற்றினால் பத்து நிமிஷம் தாங்காது. எப்போதும் வயரோடுதான் கிடக்கும், வண்டியில் ஏறினால் அங்கே ஒரு வயர். அது அடித்தால் ஒரு குரல் கேட்கும். அழுது கரகரத்த குரலாக இருந்தாலும் அவரைத் தேடி வந்த குரல். அடிக்காத நாளில் மலைச்சாமி சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் வரைக்கும். மற்றவர் வீட்டுச் சாவுக்காகக் காத்திருக்கிறோமே என்று சில சமயம் வெட்கமாகக்கூட இருக்கும்.

போன சித்திரை கடைசியில் பெட்டி முனக ஆரம்பித்தது. பேகம்பூரில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் சாகுல் ஹமீது காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் இழுத்துக்கிட்டு ஓடுதுண்ணே. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, கழட்டிப் பாத்துத் தாரேன்" என்றார்.

"அடுத்த வாரம் பாப்போம் ஹமீது. வெயில் காலம், பெட்டிக்கு ஆளு வரும்."

இதையே மூன்று வாரம் சொன்னார். வெயில் ஒரு சாக்கு. பெட்டியை விட்டுவிட்டால் இரண்டு நாள் போனுக்கு வேலையில்லை, தனக்கும் வேலையில்லை, அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தாடிக்கொம்பிலிருந்து அழைப்பு வந்தது. இறந்தவர் சுப்புத்தாய், அறுபத்தாறு வயது. புருஷன் அழகர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் யுவராணி சிங்கப்பூரில் இருந்தாள். பெட்டியைச் சாமியானாவுக்குக் கீழே இறக்கி வைத்தபோது, சுப்புத்தாயின் அண்ணன் மகன் அசோக்குமார் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மக வந்துரும். அது மொகத்தைப் பாத்த பெறகுதான் எடுக்கணும். பெட்டி தாங்கும்ல?"

"தாங்கும்" என்றார் மலைச்சாமி. பெட்டி முனகியது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. "யோவ், பெட்டி நின்னுபோச்சுய்யா! உள்ள சூடு கெளம்புது!"

கரூர் ரோட்டில் அவர் வண்டி அப்படிப் பறந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போய்ப் பார்த்தால் பெட்டியின் கால்மாட்டில் கருகிய வாடை. நாலில் நிற்க வேண்டிய குளிர் எண் இருபத்தாறில் நின்றது. பிளக்கை மாற்றிப் பார்த்தார், ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் தெரிந்தே செய்த வீண்வேலை. வண்டி வயரில் போனைச் சொருகி, தெரிந்த பெட்டிக்காரர்கள் எல்லாருக்கும் அடித்தார். ஒட்டன்சத்திரத்துப் பெட்டி வேலையில் இருந்தது. சின்னாளபட்டிப் பெட்டியும் வேலையில். வத்தலக்குண்டுக்காரர் ராத்திரிதான் தர முடியும் என்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"இனிமே தாங்காது மாமா. பன்னெண்டு மணிக்கே எடுத்துருவோம். யுவராணிக்கு வீடியோவுல காட்டிக்கலாம்" என்றான் அசோக்குமார். நாலைந்து பேர் அதுதான் சரி என்றார்கள். மலைச்சாமியை யாரும் திட்டக்கூட இல்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அழகர் அவர்கள் பக்கம் திரும்பாமல் மலைச்சாமியைப் பார்த்துக் கேட்டார். "நாலு மணி வரைக்கும் வழி இருக்கா தம்பி?"

"இருக்குய்யா. அம்மாவ உள்ரூமுக்கு மாத்தச் சொல்லுங்க. செத்த நேரத்துல ஐஸ் கொண்டாந்துர்றேன்."

திண்டுக்கல் மீன் மார்க்கெட் பக்கம் இருக்கும் ஐஸ் கம்பெனியிலிருந்து எட்டுப் பாளம் ஏற்றினார். சாக்கைப் போட்டு மூடி, பன்னிரண்டேகாலுக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். கடப்பாரையால் உடைத்து, துண்டுகளைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சுப்புத்தாயின் இரண்டு பக்கமும் அடுக்கினார். கழுத்தோரம், வயிற்றின் மேல், காலடியில். பட்டுப்புடவை நனையக் கூடாது. முகத்தில் ஒரு சொட்டு விழக் கூடாது. உருகிய பையை எடுத்துவிட்டுப் புதுப்பை வைக்க வேண்டும், கால் மணிக்கொரு தரம். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். அழகர் மட்டும் உள்ளே வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பை கட்ட உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் விரல் மரத்துப்போனது.

"இவளுக்குக் குளிர் ஆவாது தம்பி" என்றார் அழகர். "ஃபேனையே ரெண்டுக்கு மேல வைக்க விடமாட்டா. நாப்பது வருசமா இதுக்கு எங்களுக்குள்ள சண்டை."

மலைச்சாமி ஒரு பையைக் கழுத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் வைத்தார்.

இரண்டரை மணிக்கு அவரால் அடக்க முடியவில்லை. "தப்பு எம்மேலதாங்கய்யா. ரிப்பேருக்கு விடச் சொல்லி மூணு வாரம் ஆச்சு. விடல."

"ஏன் விடல?"

"விட்டா ரெண்டு நாளைக்குப் போன் அடிக்காது." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான காரணம் என்று அவருக்கே உறைத்தது. "எனக்கு வேற யாரும் அடிக்க மாட்டாங்க. நாளைக்கே விட்டுர்றேன்யா."

அழகர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கையிலிருந்த பையின் வாயை முறுக்கிக் கட்டி நீட்டினார். மலைச்சாமி வாங்கி வைத்தார்.

விமானம் தாமதம். நாலு மணி நாலே முக்கால் ஆனது. கடைசிப் பாளத்தையும் உடைத்தாயிற்று. கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் மலைச்சாமி எல்லாப் பைகளையும் எடுத்துச் சாக்கில் போட்டார், தரையைத் துடைத்தார், சுப்புத்தாயின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. பின்வாசல் வழியாக வெளியேறும்போது உள்ளேயிருந்து "அம்மா" என்ற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப் பதினோரு வருஷமாகக் கேட்கிறார். அன்றைக்குத்தான் கொல்லையில் நின்று அவரும் அழுதார்.

பாடை கட்டுவதற்குள் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார். வாசலில் அழகர் மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். சுற்றிலும் ஊர் ஜனம். ஐந்தாறு மணி நேரம் அந்த வீட்டில் கிடந்து, அந்த மனுஷரோடு சேர்ந்து விரல் மரத்து, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்து, மலைச்சாமிக்கு எந்த வீட்டில் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, போயிட்டு வாரேன்."

பறை அடித்துக்கொண்டிருந்தவர்கூட ஒரு தட்டுத் தவறினார். "என்னய்யா பேச்சு பேசுற?" என்று அசோக்குமார் பாய்ந்தான். "மறுபடி எதுக்குய்யா வாரே? இந்த வீட்டுல இன்னும் யாரு சாவணுங்கிற?" ஒரு பெரியம்மா மண்ணை அள்ளித் தூற்றினாள். அழகர் மலைச்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தார். பதினோரு வருஷத்தில் வராத வார்த்தை, வந்தும் வந்தது, அந்த வாசலிலா வர வேண்டும்.

மறுநாள் காலையிலேயே பெட்டியைச் சாகுல் ஹமீதிடம் விட்டார். இரண்டு நாள் என்றவர் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கம்ப்ரஸரே போய்விட்டது, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வாரம் மூன்று ஆகியும் வரவில்லை. முதல் வாரம் போன் அடித்தபோதெல்லாம் "பெட்டி ரிப்பேர்ல இருக்குங்க" என்றார். அப்புறம் அடிப்பது குறைந்தது. ஒருநாள் முழுக்க அடிக்கவேயில்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கைக்கு அடித்தார். "யாருண்ணே செத்தது?" என்றுதான் அவள் எடுத்தாள்.

இருபத்திரண்டாம் நாள் பகல் பதினோரு மணி. கரண்ட் போய் ஏழெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. வயரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த போன் திடீரென அடித்தது. மலைச்சாமி பாய்ந்து எடுத்தார்.

"பெட்டி ரிப்பேர்ல இருக்குங்க. வேற நம்பர் தாரேன், குறிச்சுக்கங்க."

"ரிப்பேருன்னு தெரியும் தம்பி. நேத்து எங்க தெருவுல ஒருத்தருக்குக் கேட்டு அடிச்சாங்களாமே, சொன்னாங்க. நான் தாடிக்கொம்பு அழகர் பேசுறேன்."

மலைச்சாமிக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. தான் சொன்ன வார்த்தை பலித்துவிட்டதோ? "ஐயா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. பதினாறு முடிஞ்சு மகளும் ஊருக்குப் போயிருச்சு. வீட்டுல நான் மட்டுந்தான். போன் அடிக்காம ஒக்காந்திருப்பீங்களேன்னு சும்மா அடிச்சேன்."

சும்மா. எந்த ஊர், எந்தத் தெரு, வண்டி உள்ளே வருமா என்றுதான் மலைச்சாமிக்குப் போனில் கேட்கத் தெரியும்.

"என்ன தம்பி, அன்னிக்கு வாரேன்னு சொல்லிட்டுத்தான போனீங்க? இன்னும் வரக் காணமே?"

மலைச்சாமி வாயைத் திறந்தார். போன் ஒரு தரம் அதிர்ந்து அணைந்துபோனது. பொத்தானை அழுத்தினார், பேட்டரியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினார், மறுபடி அழுத்தினார். சார்ஜர் இருந்தது, கரண்ட் இல்லை. அங்கே அந்த மனுஷர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருப்பார்.

வண்டிச் சாவியை எடுத்தார். ஐஸ் பெட்டி என்று எழுதிய வண்டி தாடிக்கொம்புத் தெருவுக்குள் நுழைந்தால் ஜனம் வாசலுக்கு வந்துவிடும் என்று நினைப்பு வந்தது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டி இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போகிறவன் கையில் என்ன கொண்டு போவான் என்று யோசித்துக்கொண்டே போனார். இறங்கி, கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்.

அழகர் வாசல்படியில் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஆளைக் கண்டதும் போனை இறக்கினார்.

"வாங்க" என்றார்.

மலைச்சாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அதைக் கேட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அழகர் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.