கொக்கியில் இறங்கிய கிளி

அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும், பெண்ணாக இருந்தும் டவர் கிரேன் ஓட்டினார் என்பதைத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது.

கிரேன் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைதான் அம்மா வேலை செய்த இடம். தூக்க ஒன்றும் இல்லாதபோது, வீடுகளிலிருந்து தப்பி வந்த கூண்டுப் பறவைகளை அங்கிருந்து தேடுவார். கிரேனின் கை திரும்பினால் மற்ற பறவைகள் பறந்துவிடும். கூண்டில் வளர்ந்தது ஊஞ்சல் என்று நினைத்து உட்கார்ந்திருக்கும். அதை வைத்துத்தான் அம்மா கூண்டுப் பறவையை அடையாளம் கண்டுகொள்வார்.

அதே கட்டடத்தில் நான் பயிற்சிப் பொறியாளராக இருந்தேன். ஒரு நாள் வாக்கிடாக்கியில் அம்மா பேசினார்.

"கொக்கி மேல ஒரு கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சக் கொண்டை. எதிர்வீட்டுத் தையக்காரம்மா காலையிலேர்ந்து தேடுறாங்களே, அதுதான்."

"ஏங்க்கா, இது கட்டடமா, பறவைகள் சரணாலயமா?" என்றார் மேனேஜர். "விரட்டுங்க, தானா கீழ வரும்."

"வராது சார். கூண்டுல வளர்ந்ததுக்கு ஏறத்தான் தெரியும். பயந்தா இன்னும் மேலதான் போகும். அங்க பருந்து ஒண்ணு சாப்பாட்டு நேரம் பாத்துக்கிட்டுச் சுத்துது."

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். "சரி, இறக்குங்க. மேல தூக்க வேண்டிய கம்பிக்கட்டு காத்துக்கிட்டிருக்கு."

தையல்காரம்மாவை அழைத்து வந்து, ஹெல்மெட் மாட்டி, கூண்டோடு ஓரமாக நிறுத்தினேன்.

காலிக் கொக்கியை யாரும் இறக்கலாம். உதறாமல் இறக்குவதுதான் கஷ்டம். மாடி மாடியாக வந்தது. பாதியில் காற்று அடித்தது. கொக்கி ஆட, கிளி சிறகை விரித்தது. தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா நிறுத்தவில்லை. கொக்கி போன பக்கமே கிரேனின் கையையும் கொஞ்சம் நகர்த்தினார். ஆட்டம் அடங்கியது. கிளி சிறகை மடக்கிக்கொண்டது.

தோளுயரத்துக்கு வந்ததும் தையல்காரம்மா மெல்லக் கிட்டே போய், "வாடி ஊர்சுத்தி" என்றார். அது அவர் தோளுக்குத் தாவியது.

"சரக்கு இறங்கியாச்சா?" என்று வாக்கிடாக்கியில் கேட்டார் அம்மா.

"இறங்கிடுச்சும்மா."

"அப்ப கம்பியைக் கட்டச் சொல்லு."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "அங்க யாருப்பா இருக்கிறது?"

"எங்கம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற கம்பி கட்டுகிறவர்களுக்கு அது தெரியும். இருந்தாலும் திரும்பி அவர்களிடமும் சொன்னேன்.