மணலில் விரித்த கால்மிதி

மொறோக்கோவின் அகாடிர் நகரத்தில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம். கடல் கண்ணில் இருந்து மறைவதற்குள் மணல்மேடுகள் தொடங்கிவிடுகின்றன. இரண்டாவது மேட்டிலேயே எங்கள் ஜீப் புதைகிறது.

பதினெட்டுக் குளிர்காலமாய்க் கனடாப் பனியில் பழகிய கை எனக்கு. யோசிக்காமல் குதித்து இறங்கி, ரப்பர் கால்மிதிகளை இழுத்துச் சில்லுகளுக்கு அடியில் திணிக்கிறேன்.

"இஞ்சருங்கோ, இது மொன்றியல் இல்லை," என்று மனைவி உள்ளேயிருந்து சிரிக்கிறாள்.

சாரதி யூசுப் இறங்கி வந்து நான்கு சில்லுகளிலும் பாதிக் காற்றை இறக்குகிறார். ஜீப் மெல்ல ஏறி வெளியே வருகிறது. எனக்கு வெட்கமாயிருக்கிறது. அவரோ கால்மிதியைத் தூக்கிப் பார்த்தபடி நிற்கிறார்.

"பனியில் புதைந்தால் இப்படித்தானா?" என்று பிரெஞ்சில் கேட்கிறார்.

அவருடைய மனைவி மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் இருக்கிறாராம். யூசுப்பை அங்கே எடுக்க ஸ்பொன்சர் போட்டு இரண்டு வருசம். போன கிழமைதான் விசா மெடிக்கலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மெடிக்கல் வந்திட்டுதெண்டா இனிப் பயமில்லை எண்டு சொல்லுங்கோ," என்கிறாள் என் மனைவி. அவளும் அப்படி வந்தவள்தான். பிரெஞ்சில் சொல்கிறேன்.

"அப்படியென்றால் இன்னொருமுறை செய்து காட்டுங்கள்," என்கிறார் யூசுப்.

கொதிக்கிற மணலில் குந்தியிருந்து, சில்லைச் சுற்றி மணலை அள்ளி, கால்மிதியைச் செருகிக் காட்டுகிறேன். யூசுப் அதைப் போனில் பிடித்து மனைவிக்கு அனுப்புகிறார்.

மேட்டின் உச்சிக்குப் போனதும் பதில் வருகிறது. ஒரு படம் மட்டும். வீட்டுக் கதவோரம் பனி அள்ளுகிற சவள் இரண்டு சாய்ந்து நிற்கின்றன. ஒன்று விளிம்பு தேய்ந்தது. மற்றதில் கடை விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.