பதினோரு தட்டும் ஒரு படமும்

சங்ககிரி லாரி ஆபீஸில் பிரபாவின் கம்ப்யூட்டர் பேசுவது அவளைத் தவிர யாருக்கும் புரியாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்லும். அவள் அதை அத்தனை வேகத்தில் ஓடவிட்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. மவுஸைத் தொட்டதில்லை, எல்லாம் விசைகள்தான். வெளிமாநில பெர்மிட் எடுக்கும் இணையதளத்தில் டேப் விசையைப் பதினோரு முறை தட்டினால் வண்டி எண் கேட்கும் கட்டம் வரும். கண்ணுள்ளவர்கள் பத்து நிமிடம் தடவும் பெர்மிட்டை நாலே நிமிடத்தில் எடுத்துவிடுவாள்.

அந்த பெர்மிட் மேசை ஒன்றும் சும்மா கிடைத்துவிடவில்லை. முதலாளி மோகன்குமார் அவளை மூன்று வருடம் போன் எடுக்கத்தான் வைத்திருந்தார். நச்சரித்து நச்சரித்து வாங்கினாள்.

"தொணைக்கு ஆரையும் கூப்படாம செய்யோணும் அம்மிணி. முடியலீன்னா மறுபடியும் போனுதான்" என்று அன்றே சொல்லிவிட்டார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, முட்டை லோடோடு கேரள எல்லையில் நின்ற டிரைவர் மாரியப்பன் பெர்மிட் கேட்டான். பிரபா தளத்தைத் திறந்து டேப்பைத் தட்டினாள். "இமேஜ்" என்றது ஸ்கிரீன் ரீடர். மறுபடி தட்டினாள். "இமேஜ்." நாற்பது முறை தட்டியும் அதே பாட்டுதான். ஏதோ ஒரு படம் பக்கத்தை மறைத்து நிற்கிறது. அதை விசையால் மூட வழி வைக்காமல் போயிருக்கிறான் எந்தப் புண்ணியவானோ. எஸ்கேப் அடித்தாள். பக்கத்தை மூடித் திறந்தாள். அடியில் அவளுடைய கட்டம் இருக்கிறது, போகத்தான் முடியவில்லை. மாரியப்பன் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டு, வெயில் ஏறுகிறது, முட்டை தாங்காது என்றான்.

பக்கத்து மேசைக் கௌசிக்கிடம் ரகசியமாகக் கேட்டிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. முதலாளியையே கூப்பிட்டாள்.

அவர் வந்து மவுஸால் படத்தின் மூலையில் ஒரு தட்டு தட்டி அதை மூடினார். "இதுக்கா முக்கா மணி நேரம்?"

பெர்மிட் நாலு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மோகன்குமார் போனைத் தூக்கிவந்து அவள் மேசையில் வைத்தார்.

"அந்தப் படத்துல என்னங்க போட்டிருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மாற்றுத்திறனாளிகள் தின வாழ்த்து அம்மிணி" என்றார்.

பிரபாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதற்குள் போன் அடித்தது. எடுத்தாள்.