தூக்கிய கை

எனக்கு முடி வெட்டுபவர் தம் சலூன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார். அதைப் பார்த்து ஒரே வாரத்தில் மூன்று பேருந்துகள் நின்றன. "ஏறலையாண்ணே?" என்று நடத்துனர் கேட்டால், "இல்லப்பா, வீக்கம் வடியுது. நீ போ!" என்று அனுப்பிவிடுவார். இரண்டு வாரம் தூக்கி வைத்தால் போதும் என்றார் டாக்டர். இவர் இரண்டு மாதம் தூக்கினார்.

என் அடங்காத தலையை இருபது வருஷமாக அடக்கிவரும் மனிதர். கண்ணாடித் தட்டு உடைந்து உள்ளங்கையைக் கிழித்ததில், மோதிரவிரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோய் அறுவை சிகிச்சை. கத்தரி வளையத்துக்குள் போகிற விரலே அதுதான். உள்ளே தழும்பு தசைநாணோடு ஒட்டிக்கொண்டால் விரல் மடங்காது, தொழிலும் அவ்வளவுதான்.

அதனால் மணிக்கு ஒரு தரம் அலாரம் அடிக்கும். சொல்லிக்கொடுத்த அளவுக்கு விரலை அசைப்பார். மூன்றாவது வாரமே ரகசியமாகக் கத்தரியை எடுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டார். அவர் மனைவி அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "தையல் விட்டுதுன்னா, அப்புறம் கையை ஒடிக்க வேற யாரும் வேணாம், நானே போதும்!" என்றார்.

தையல் பிரித்துப் புண் ஆறியதும், தழும்பில் களிம்பு தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்ப்பது சேர்ந்துகொண்டது. "எத்தனை பேரு தலைக்கு மசாஜ் பண்ணியிருப்பேன்! இப்பத்தான் என் கைக்கு யோகம் அடிச்சிருக்கு," என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் விரலை ஒரு தரம் உற்றுப் பார்ப்பார். பயம்தான், வேறென்ன.

எதிர்ச்சாரியிலும் ஒரு சலூன். யார் பெயர்ப்பலகை உயரம் என்பதில் தொடங்கிய சண்டை. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அதுவரை ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டவர்கள், அதன்பின் அவரவர் மனைவியிடம் தலையைக் கொடுத்தார்கள். இரண்டு பிடரியும் பார்க்கச் சகிக்காது. இவர் கை தூக்கி உட்கார்ந்த நாலாம் நாள், தமக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து, எதிர்க்கடைக்காரர் தயங்கித் தயங்கித் தம் கையையும் தூக்கினார்.

"நீங்க சொல்லலையா?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? அவனே ஆறு வருஷம் கழிச்சுக் கையைத் தூக்கியிருக்கான். வீக்கம்னு சொன்னா மனுசன் மூஞ்சி என்னாகும்?"

பன்னிரண்டாவது வாரம் டாக்டர் அனுமதி கொடுத்தார். பீரோ திறந்தது. மூன்று மாதக் காட்டைத் தலையில் சுமந்துகொண்டு நான் ஓடினேன். நாற்காலியில் அதற்குள் எதிர்க்கடைக்காரர்! "கோணினா கோணிட்டுப் போவுது. என் வூட்டுக்காரி வெட்டுனதை விடவா?" என்று போர்வையைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

மோதிரவிரல் வளையத்தருகே போய் நின்றது. பிறகு மெல்ல மடங்கி உள்ளே நுழைந்தது. கத்தரி ஒரு தரம் சத்தமிட்டது. ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நடுநடுவே கையைத் தொங்கப் போட்டு ஓய்வு. என் முறை வரும்போது, "நாளைக்கு வா சாமி, விரல் கெஞ்சுது," என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை முதல் ஆளாக நின்றேன். ஷட்டரை மேலே தள்ளினார். வீக்கம் வடிந்து எத்தனையோ நாளாகிறது. தெருவின் எதிர்ப்பக்கம் திரும்பி, கையைத் தூக்கினார்.